மரம் எண்ணும் கிரீன்மெட்ரிக், கணக்குக் கேட்கும் ஸ்டார்ஸ்

பசுமைக் கல்லூரி என்ற பட்டம் வாங்க இன்று உலக அளவில் நான்கைந்து கடைகள் திறந்திருக்கின்றன. உயர்கல்வியில் நிலைத்தன்மைக்காக இயங்கும் அமெரிக்காவின் ஆஷே (AASHE) அமைப்பு நடத்தும் ஸ்டார்ஸ், இந்தோனேசியாவின் யுனிவர்சிடாஸ் இந்தோனேசியா நடத்தும் கிரீன்மெட்ரிக், டைம்ஸ் ஹையர் எஜுகேஷனின் இம்பாக்ட் பட்டியல், க்யூஎஸ் நிறுவனத்தின் நிலைத்தன்மைப் பட்டியல் என்று வரிசை நீள்கிறது. வளாகத்தின் மின்சாரம், தண்ணீர், குப்பை, வண்டி என்று ஒவ்வொன்றாக உட்கார்ந்து கணக்கெழுத வைப்பவை முதல் இரண்டும்தான். எனவே இந்த மதிப்புரை அவ்விரண்டைப் பற்றியது. கல்லூரியில் தர உறுதிப் பிரிவைக் கவனிப்பவர்களுக்கும், எஸ்டேட் ஆபீசர்களுக்கும், அமெரிக்காவிலோ கனடாவிலோ மேற்படிப்புக்கு இடம் தேடுகிற மாணவர்களுக்கும் பயன்படலாம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். பணமும் ஏறக்குறைய ஒரு வருட உழைப்பும் ஒதுக்க முடிந்தால் ஸ்டார்ஸ். முடியாவிட்டால் கிரீன்மெட்ரிக். ஆனால் அதில் வருகிற எண்ணை வாசலில் மாட்டுவதற்கு முன், அது எதை எண்ணுகிறது, எதை எண்ணாமல் விட்டுவிடுகிறது என்று தெரிந்திருக்க வேண்டும். இரண்டையும் பிரித்துக் காட்டுவது ஒரே கேள்வி: எதை எதால் வகுக்கிறார்கள்?

ஸ்டார்ஸ்

முதல் பதிப்பு 2010 ஜனவரியில் வந்தது. 2.0 பதிப்பு 2013-இல், 2.2 பதிப்பு 2019-இல், 3.0 பதிப்பு 2024-இல். இங்கே வரும் எண்கள் 2.2 பதிப்பைச் சார்ந்தவை. இணையத்தில் திறந்து படிக்கக் கிடைக்கும் அறிக்கைகளில் பல அதில் எழுதப்பட்டவை. 3.0-இல் கேள்விகள் மாற்றி அடுக்கப்பட்டிருப்பதால், புதிதாகப் பதிவு செய்பவர்கள் அதன் கையேட்டைத் தனியாகப் படிக்க வேண்டும்.

நூற்றுக்கு 25 வாங்கினால் வெண்கலம், 45-க்கு வெள்ளி, 65-க்குத் தங்கம், 85-க்குப் பிளாட்டினம். மதிப்பெண் வேண்டாம், தகவலை மட்டும் வெளியிடுகிறோம் என்பவர்களுக்கு 'ரிப்போர்ட்டர்' என்ற தகுதி உண்டு. பட்டம் மூன்று ஆண்டுகள் செல்லும். முதல் பிளாட்டினத்தை 2015-இல் கொலராடோ ஸ்டேட் பல்கலைக்கழகம் எடுத்தது. பின்னர் ஸ்டான்ஃபோர்டு, நியூ ஹாம்ப்ஷயர், கனடாவின் தாம்ப்சன் ரிவர்ஸ் போன்றவை அந்தப் படியை எட்டின. ஆயிரத்துக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் பதிந்திருக்கும் இடத்தில் பிளாட்டினம் வாங்கியவர்கள் மிகச் சொற்பம். அதிலிருந்தே 85-இன் உயரம் தெரியும்.

பாடமும் ஆராய்ச்சியும், ஈடுபாடு, வளாக இயக்கம், திட்டமிடலும் நிர்வாகமும் என நான்கு பெரும்பிரிவுகள். புதுமைக்கு மேலதிகமாக 4 புள்ளிகள் வரை கிடைக்கும். கவனிக்க வேண்டியது, இறுதி மதிப்பெண் ஒரு விழுக்காடு என்பது. உங்களுக்குப் பொருந்தாத கேள்விகள் மொத்தத்திலிருந்தே கழிக்கப்படும். மெஸ் இல்லாத கல்லூரிக்கு உணவுக் கொள்முதல் கேள்வி வராது. அதற்காகப் புள்ளி இழப்பும் கிடையாது. அறக்கட்டளை முதலீடு பத்து லட்சம் டாலருக்குக் கீழே இருந்தால் முதலீட்டுக் கேள்விகள் விலகிவிடும். சிறிய கல்லூரிகள் 'இதெல்லாம் பெரிய இடத்து விளையாட்டு' என்று ஒதுங்குவது பெரும்பாலும் இந்த விதி தெரியாமல்தான்.

ஸ்டார்ஸின் தனிச்சிறப்பு தலை எண்ணும் முறையில் இருக்கிறது. 'எடையிட்ட வளாகப் பயனர்' என்று ஒரு கணக்கு. விடுதியில் தங்குபவர் ஒரு முழு ஆள். காலையில் வந்து மாலையில் போகும் டே ஸ்காலர் முக்கால் ஆள். தொலைநிலைக் கல்வியில் படிப்பவர் கழிக்கப்படுவார். 3,000 மாணவர்கள் உள்ள கல்லூரி என்று வைத்துக்கொள்வோம். அதில் விடுதியில் 800 பேர். ஊழியர்கள் 250, அவர்களில் குவார்ட்டர்ஸில் 20 பேர். ஊழியர் குடும்பத்தினரும் விருந்தினர் விடுதியில் தங்குபவர்களும் சராசரியாக 60. உள்ளேயே தங்குபவர்கள் 880. வந்து போகும் மாணவர் 2,200, ஊழியர் 230, ஆக 2,430. அதில் முக்கால் பங்கு 1,822.5. கூட்டினால் 2,702.5. தண்ணீரையும் குப்பையையும் கார்பன் வெளியேற்றத்தையும் இந்த எண்ணால்தான் வகுக்க வேண்டும். துணி துவைப்பதும் குளிப்பதும் சமைப்பதும் வளாகத்துக்குள்ளேயே நடக்கிற கல்லூரியையும், பிற்பகல் மூன்றரை மணிக்குப் பூட்டிவிட்டுப் போகிற கல்லூரியையும் ஒரே தட்டில் நிறுத்தாமல் இருக்க வேறு நேர்மையான வழி இல்லை.

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். பகுதிநேர மாணவர்களை முழுநேரத்துக்கு ஈடாக மாற்றாமல், சேர்க்கைப் பதிவேட்டில் உள்ள தலைகளை அப்படியே போட்டுவிடுவார்கள். வகுக்கும் எண் பெருக்கும். ஆள்வீதக் கணக்கு அழகாக இறங்கும். சரிபார்ப்பவர் சேர்க்கை எண்ணிக்கையோடு ஒப்பிட்டால் உடனே அகப்படும். இன்னொரு தவறு, ஒப்பிடுவதற்கு வைத்துக்கொள்ளும் அடிப்படை ஆண்டுக்கு ஒரு முறையிலும் நடப்பு ஆண்டுக்கு வேறு முறையிலும் தலை எண்ணுவது. அப்போது குறைந்ததாகத் தெரிவது வெளியேற்றமாக இருக்காது, எண்ணும் முறையாக இருக்கும்.

கட்டட ஆற்றலுக்கு இன்னொரு சீர்திருத்தம் உண்டு. தரைப்பரப்பால் வகுப்பதோடு நிற்காமல் 'டிகிரி நாள்' என்ற வானிலை அளவையும் கேட்கிறார்கள். சுமார் 18 டிகிரி செல்சியஸை அடியாக வைத்து, ஆண்டு முழுவதும் வெப்பம் எவ்வளவு மேலே போனது, எவ்வளவு கீழே இறங்கியது என்று கூட்டும் கணக்கு அது. மினசோட்டாவின் குளிருக்கு ஹீட்டர் ஓடுவதையும், அரிசோனாவின் வெயிலுக்கு ஏசி ஓடுவதையும் ஒரே அளவுகோலில் நிறுத்த இது தேவை. தண்ணீருக்கும் அப்படியே. உலக வளக் கழகத்தின் அக்வெடக்ட் வரைபடத்தில் உங்கள் இடத்தின் நீர்ப் பற்றாக்குறை எந்த அளவில் இருக்கிறதோ, அதைப் பொறுத்துத் தண்ணீர்க் கேள்விக்கான மொத்தப் புள்ளிகள் 4-லிருந்து 6 வரை மாறும். வறண்ட ஊரில் ஒரு குடம் மிச்சம் பிடிப்பதற்கும் மழை கொட்டுகிற ஊரில் மிச்சம் பிடிப்பதற்கும் மதிப்பு வேறு என்று படிவமே ஒப்புக்கொள்கிறது. வேறெந்தப் பட்டியலிலும் இவ்வளவு தெளிவாக இல்லாத நல்ல வேலை இது.

பாடத்திட்டப் பகுதிதான் அதிக நேரம் தின்னும். நிலைத்தன்மை சார்ந்த பாடங்களை எண்ணும் முதல் கேள்விக்கு மட்டும் 14 புள்ளிகள். மொத்தப் பாடங்களில் 20 விழுக்காடும், பாடம் நடத்தும் துறைகளில் 90 விழுக்காடும் தொட்டால் முழுப் புள்ளி. பாடத்தின் பெயரையும் விவரத்தையும் பட்டியலாகவே வெளியிட வேண்டும். பாடம் முழுக்க இதைப் பற்றியதா, ஓர் அலகு மட்டும் தொடுகிறதா என்று இரண்டாகப் பிரிக்கவும் வேண்டும். 'சுற்றுச்சூழல்' என்ற சொல் தலைப்பில் இருக்கிறதா என்று தேடினால் வேலை அரைகுறையாகத்தான் முடியும். நீர்மின் அணைகளைப் பற்றிய வரலாற்றுப் பாடம் தவறிவிடும். பெயரில் மட்டும் பசுமை பூசிய பாடம் உள்ளே வந்துவிடும். நம்மூர்க் கல்லூரிகள் இதைச் செய்தால் இன்னொரு வழுக்கல் உண்டு. பட்டப்படிப்பில் எல்லாத் துறை மாணவருக்கும் பொதுவாக உள்ள சுற்றுச்சூழல் கல்வித் தாள் ஒரே குறியீட்டில் இருந்தால் அது ஒரு பாடம்தான். இருபது வகுப்பில் நடத்துவதால் இருபது பாடம் ஆகிவிடாது.

இந்தப் படிவத்தை முதன்முறை திறப்பவர்களை அதிர வைக்கும் கேள்வி சம்பளம். வளாகத்தில் வேலை செய்பவர்களில் எத்தனை விழுக்காட்டினருக்கு அந்த ஊரில் குடும்பம் நடத்தப் போதுமான கூலி கிடைக்கிறது? ஒப்பந்தக்காரர் மூலம் வரும் துப்புரவாளர், காவலர், மெஸ் ஆட்களும் தனியாகக் கேட்கப்படுவார்கள். நிரந்தர ஊழியரில் மிகக் குறைந்த ஊதியம் பெறுபவருக்கு எவ்வளவு என்பதும் கேள்வியில் உண்டு. பசுமை என்றால் மரமும் சோலாரும்தானே, இது எதற்கு என்று நிர்வாகங்கள் முகம் சுளிக்கும். குப்பையைப் பிரிக்கிறவருக்கு வயிறு நிறையாத இடத்தில் குப்பைப் பிரிப்பு ஆறு மாதம்கூடத் தாங்காது என்பது வளாகம் நடத்தியவர்களுக்குத் தெரியும்.

இனி குறைகள். முதலாவது, எல்லாமே கல்லூரி தானே சொல்வது. தலைமைப் பொறுப்பில் இருப்பவரின் கடிதம் கட்டாயம். ஆஷே ஊழியர்கள் அறிக்கையைப் படித்து முரண்பாடுகளைத் திருப்பி அனுப்புகிறார்கள். ஆனால் யாரும் நேரில் வந்து மீட்டரைப் பார்ப்பதில்லை. இதற்கு ஈடாக இருப்பது வெளிப்படைத்தன்மை. ஒவ்வொரு கேள்வியின் விடையும் பொதுவில் திறந்து கிடக்கிறது, யார் வேண்டுமானாலும் ஒரு தகவலைக் கேள்விக்குள்ளாக்கலாம். இரண்டாவது, கட்டணம். மதிப்பெண்ணோடு பட்டம் வேண்டுமானால் சந்தா கட்ட வேண்டும், ஆஷே உறுப்பினர்களுக்குக் குறைவு. மூன்றாவது, படிகளின் இடைவெளி. 65.1 வாங்கியவரும் 84.9 வாங்கியவரும் ஒரே தங்கம். அதனால் 60-இல் இருப்பவர்கள் விளிம்பைத் தாண்ட எளிய புள்ளிகளைத் தேடுவார்கள். தோட்டத்துக்குத் தனி வலைப்பக்கம், ஒரு கணக்கெடுப்பு, புதுமைப் பிரிவில் ஒரு திட்டம். பாய்லரை மாற்றுவது தள்ளிப்போகும். நான்காவது, பார்வை முழுக்க வட அமெரிக்காவினுடையது. உணவுக் கொள்முதலில் மூன்றாம் தரப்புச் சான்றுகளுக்குத்தான் மதிப்பு. பக்கத்துக் கிராமத்து விவசாயியிடம் நேராக வாங்கிய கீரைக்குச் சான்றிதழ் இல்லையென்றால் அது கணக்கில் ஏறுவது கடினம்.

கிரீன்மெட்ரிக்

2010-இல் 35 நாடுகளின் 95 பல்கலைக்கழகங்களோடு தொடங்கியது. 2024 பட்டியலில் 95 நாடுகளின் 1,477. பங்கேற்கக் கட்டணம் இல்லை. வளரும் நாடுகளில் இது இவ்வளவு பரவியதற்கு அதுவே முதல் காரணம். 2017 முதல் தொடர்ந்து பல ஆண்டுகள் நெதர்லாந்தின் வாகனிங்கன் பல்கலைக்கழகம் முதலிடத்தில் இருந்தது. அதற்கு முன் ஐக்கிய இராச்சியத்தின் நாட்டிங்காம், அமெரிக்காவின் யூசி டேவிஸ் ஆகியவை இருந்தன.

மொத்தம் 10,000 புள்ளிகள். இடமும் கட்டமைப்பும் 15 விழுக்காடு, ஆற்றலும் காலநிலையும் 21, கழிவு 18, தண்ணீர் 10, போக்குவரத்து 18, கல்வியும் ஆராய்ச்சியும் 18. ஒவ்வொரு கேள்விக்கும் ஐந்து அடுக்குகள். உங்கள் எண் எந்த அடுக்கில் விழுகிறதோ அதற்கேற்பப் புள்ளி. ஆதாரமாகப் படமும் அட்டவணையும் வைத்த கோப்பை ஏற்ற வேண்டும். ஒரு நல்ல குழு இரண்டு மாதத்தில் முடித்துவிடலாம். கேள்விகளும் அடுக்குகளும் ஆண்டுக்கு ஆண்டு மாறுவதால் அந்தந்த ஆண்டுக் கையேட்டைத்தான் பார்க்க வேண்டும். கீழே உள்ளவை அண்மைக் கையேடுகளில் தொடர்ந்து வந்தவை.

தனிநபர் மின்பயன்பாட்டை எடுத்துக்கொள்வோம். ஆண்டுக்கு ஓர் ஆளுக்கு 2,424 யூனிட்டும் அதற்கு மேலும் கடைசி அடுக்கு. 279-க்குக் கீழே முதல் அடுக்கு, முழுப் புள்ளி. மின்விசிறியும் டியூப்லைட்டும் மட்டும் உள்ள, விடுதி இல்லாத ஒரு கலைக் கல்லூரி ஒன்றுமே செய்யாமல் 279-க்குக் கீழே இருக்கும். ஆய்வகங்களும் விடுதியும் உள்ள பொறியியல் கல்லூரி எவ்வளவு மிச்சம் பிடித்தாலும் அங்கே வராது. இங்கே தலை என்றால் தலைதான், முக்கால் ஆள் கணக்கு கிடையாது. விடுதி நடத்துவதற்கே தண்டனை போல ஆகிவிடுகிறது.

3,000 பேர் உள்ள வளாகம் ஆண்டுக்கு 9 லட்சம் யூனிட் செலவழித்தால் ஆளுக்கு 300. முதல் அடுக்கைத் தொட 8,37,000-க்குக் கீழே இறங்க வேண்டும், அதாவது 63,000 யூனிட்டுக்கு மேல் மிச்சம் பிடிக்க வேண்டும். நம்மூர் வெயிலில் ஒரு கிலோவாட் சோலார் நாளுக்குச் சுமார் 4 யூனிட் தருவதால், 45 கிலோவாட் போட்டால் ஏறக்குறைய 65,700 யூனிட் வரும், வேலை முடிந்தது என்று பலர் கணக்குப் போடுவார்கள். அது தப்பு. கேள்வி மொத்தப் பயன்பாட்டைப் பற்றியது, மின்வாரியத்திடம் வாங்கியதைப் பற்றியது அல்ல. கூரையில் விளைந்ததும் பயன்பாடுதான். சோலாருக்கான புள்ளி புதுப்பிக்கத்தக்க ஆற்றல் விகிதம் என்ற வேறு கேள்வியில் கிடைக்கும். 300-ஐ 279 ஆக்க மின்விசிறியைக் குறைந்த மின்சாரத்தில் ஓடும் பிஎல்டிசி மோட்டாருக்கு மாற்றுவது, ஏசியை 24 டிகிரிக்குக் கட்டுவது, இரவில் எரியும் காரிடார் விளக்குகளுக்கு சென்சார் வைப்பது என்று வேறு பக்கம் போக வேண்டும்.

கார்பன் சூத்திரம்தான் கிரீன்மெட்ரிக்கின் பலவீனமான இடம். மின்சாரத்தில் ஆயிரம் யூனிட்டுக்கு 0.84 டன் என்று உலகம் முழுவதற்கும் ஒரே பெருக்கி. நீர்மின்சாரத்தில் ஓடும் நார்வேக்கும் நிலக்கரியில் ஓடும் இந்தோனேசியாவுக்கும் அதே எண். இந்திய மின்கட்டமைப்புக்கு மத்திய மின்சார ஆணையம் தரும் சராசரி 0.7-க்குச் சற்று மேல். வண்டிகளுக்கு ஆண்டில் 240 நாள் என்று வைத்து, நூறு கிலோமீட்டருக்குக் காருக்கு 0.02 டன், இருசக்கர வாகனத்துக்கு 0.01 டன், பேருந்துக்கும் 0.01 டன். மறுபடி படியுங்கள்: ஒரு பேருந்து ஒரு காரில் பாதிதான் புகை விடுகிறதாம், மோட்டார் சைக்கிளுக்குச் சமமாம். நூறு கிலோமீட்டருக்கு 10 கிலோ கார்பன் என்றால் நான்கு லிட்டர் டீசல்கூட ஆகாது. அந்த மைலேஜில் ஓடும் கல்லூரிப் பேருந்து இருந்தால் ஓட்டுநர்கள் கோயில் கட்டிக் கும்பிடுவார்கள்.

இன்னும் பெரிய ஓட்டை, தூரத்தை வளாகத்துக்குள் ஓடுவதை மட்டும் வைத்துக் கணக்கிடச் சொல்வது. காலையில் நாற்பது கிலோமீட்டர் சுற்றி ஊர் ஊராக மாணவர்களை ஏற்றிவரும் பேருந்து, கேட்டிலிருந்து ஷெட் வரை ஓடிய அரைக் கிலோமீட்டர்தான் கணக்கில். கேண்டீன் கேஸ் சிலிண்டரும் ஜெனரேட்டர் டீசலும் சூத்திரத்திலேயே இல்லை. மேலே சொன்ன 9 லட்சம் யூனிட் கல்லூரிக்கு மின்சாரத்தால் 756 டன், ஆளுக்கு 0.25 டன் வரும். அது இரண்டாவது நல்ல அடுக்கு. உண்மையான கணக்கில் பேருந்துகளைச் சேர்த்தால் எங்கே போய் நிற்கும் என்பது டீசல் ரசீதைப் பார்ப்பவர்களுக்குத் தெரியும்.

போக்குவரத்திலும் இதே கதை. வண்டிகளின் எண்ணிக்கையைத் தலையால் வகுத்து 0.045-க்குக் கீழே வந்தால் முழுப் புள்ளி. மாணவர்கள் பைக்கை உள்ளே கொண்டுவரக் கூடாது என்று ஒரு சுற்றறிக்கை போட்டால் போதும். பைக்குகள் எதிரே உள்ள டீக்கடை வரிசையிலும் சாலையோரத்திலும் நிற்கும். புகை அதேதான், புள்ளி கூடிவிடும். தரைப் பார்க்கிங் பரப்பு ஒரு விழுக்காட்டுக்குக் கீழே இருந்தாலும் முழுப் புள்ளி.

இடத்துக்கான கேள்விகளில் திறந்தவெளி 95 விழுக்காட்டைத் தாண்ட வேண்டும், காடு போன்ற அடர்ந்த தாவரம் 35 விழுக்காட்டைத் தாண்ட வேண்டும் என்கிறார்கள். நகர நடுவில் ஐந்து ஏக்கரில் நிற்கும் கல்லூரி எந்தக் காலத்திலும் இதை எட்டாது. எட்டாததற்குக் காரணம் அதன் முகவரி, அதன் நடத்தை அல்ல. மாடிக்கு மாடி கட்டி நிலத்தை மிச்சப்படுத்தி, பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் இருப்பதற்கு யாரும் புள்ளி தருவதில்லை. நட்டு வளர்த்த தாவரப் பரப்பில் புல்தரையும் சேரும். மழை குறைந்த மாவட்டத்தில் இந்தப் புள்ளிக்காகப் புல்தரை போட்டுப் போர்வெல் தண்ணீரை ஊற்றும் வளாகம் இடப் பிரிவில் ஏறும். தண்ணீர்ப் பிரிவின் எடை வெறும் 10 விழுக்காடு என்பதால் அங்கே இழப்பது உறைக்காது.

இவ்வளவு சொன்ன பிறகும், கிரீன்மெட்ரிக்கை ஒதுக்கச் சொல்லவில்லை. மின் மீட்டரை யார் படிக்கிறார்கள் என்றே தெரியாத ஒரு கல்லூரியில், இந்தப் படிவம் ஒருவரை உட்கார வைத்து அந்த எண்ணை எழுத வைக்கிறது. கழிவுநீர், நச்சுக் கழிவு, மட்காத குப்பை மூன்றுக்கும் தனித்தனிக் கேள்வி இருப்பதால், ஆய்வகத்து அமிலம் எந்தத் தொட்டியில் போகிறது என்று முதன்முறையாக யாராவது கேட்பார்கள். இலவசமாகக் கிடைக்கும் ஒன்றுக்கு அது குறைந்த லாபம் இல்லை.

மற்றவை பற்றிச் சுருக்கமாக. 2019-இல் தொடங்கிய டைம்ஸ் இம்பாக்ட் பட்டியலில் ஐ.நா.வின் நீடித்த வளர்ச்சி இலக்குகளில் 17-ஆவது கட்டாயம், அதற்கு 22 விழுக்காடு. பங்கேற்பவரின் மற்ற இலக்குகளில் சிறந்த மூன்றுக்குத் தலா 26. ஆளுக்கொரு மூன்று பாடத்தில் தேர்வெழுதியவர்களை ஒரே ரேங்க் பட்டியலில் போட்டது போல. ஐக்கிய இராச்சியத்தின் பீப்பிள் அண்ட் பிளானட் மாணவர் அமைப்பு 2007 முதல் நடத்தும் லீக் இதற்கு நேர்மாறு. கல்லூரியிடம் படிவம் கேட்காமல், வலைத்தளத்தில் உள்ளதையும் அரசிடம் உள்ள எஸ்டேட் தரவுகளையும் பார்த்து அவர்களே மதிப்பிட்டு, டிகிரி வகுப்பு போல முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு, ஃபெயில் என்று எழுதிவிடுகிறார்கள். வெளியிடாத கொள்கை இல்லாத கொள்கையே என்ற அந்தக் கறார் மற்றவர்களுக்கும் வரலாம். இந்தியாவில் மத்தியக் கல்வி அமைச்சகத்தின் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசை 2025-இல் நீடித்த வளர்ச்சி இலக்குகளுக்குத் தனிப் பிரிவு திறந்தது. அதில் சென்னை ஐஐடி முதலிடம். கல்லூரிகளுக்குத் தரச்சான்று தரும் நாக் (NAAC) அமைப்பின் மதிப்பீட்டில் ஏழாவது அளவுகோலும் பசுமைத் தணிக்கையைக் கேட்கிறது. அதற்காக வாங்கும் தணிக்கை அறிக்கையில் மரங்களின் தாவரவியல் பெயர் இருபது பக்கமும் மின்சாரக் கணக்கு அரைப் பக்கமும் இருந்தால், அதை வைத்து ஸ்டார்ஸின் ஒரு கேள்விக்கும் விடை எழுத முடியாது.

படிவத்தைத் திறப்பதற்கு முன்

எல்லையை வரைந்துகொள்வது முதல் வேலை. ஒரே அறக்கட்டளையின் பள்ளி, பாலிடெக்னிக், கல்லூரி மூன்றும் ஒரு மின் இணைப்பில் இருந்தால், துணை மீட்டர் இல்லாமல் எந்த எண்ணும் உங்களுடையது அல்ல. மீட்டர் போட முடியாத இடத்தில் தரைப்பரப்பு விகிதத்தில் பிரிக்கலாம். அப்படிப் பிரித்ததை எழுதி வைக்க வேண்டும், அடுத்த ஆண்டும் அதே விகிதத்தில் பிரிக்க வேண்டும். விடுதி சேர்கிறதா இல்லையா என்பதை மின்சாரத்துக்கு ஒரு விதமாகவும் தலைக் கணக்குக்கு இன்னொரு விதமாகவும் வைப்பது மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு.

டீசல் லிட்டருக்கு 2.68 கிலோ கார்பன் டை ஆக்சைடு. எல்பிஜி கிலோவுக்குச் சுமார் 3 கிலோ, அதாவது 19 கிலோ வணிக சிலிண்டர் ஒன்று ஏறக்குறைய 57 கிலோ. ஜெனரேட்டருக்கு ஓடிய மணி நேரத்தை வைத்து மதிப்பிடாமல், ஆண்டுத் தொடக்கத் தொட்டி இருப்போடு வாங்கிய லிட்டரைக் கூட்டி, ஆண்டு இறுதி இருப்பைக் கழியுங்கள். எல்லாரும் மறப்பது ஏசி வாயு. ஆர்-410ஏ வாயுவின் புவி வெப்பமாக்கும் திறன் கார்பன் டை ஆக்சைடைப் போல 2,088 மடங்கு. ஆண்டில் 5 கிலோ கசிந்து மறுபடி நிரப்பினால் 10.4 டன், கிட்டத்தட்ட 3,900 லிட்டர் டீசல் எரித்ததற்குச் சமம். ஏசி மெக்கானிக்கின் பில்லில் 'கேஸ் சார்ஜிங்' என்று மட்டும் இருக்கும், கிலோ இருக்காது. ஒப்பந்தத்திலேயே எத்தனை கிலோ, எந்த வாயு என்று எழுத வேண்டும் என்று போட்டுவிடுங்கள். ஆர்-32-க்கு 675தான் என்பதால் புதிதாக வாங்கும்போது அந்த வித்தியாசத்தையும் பார்க்கலாம்.

குப்பையை மூட்டைக் கணக்கில் எழுதாதீர்கள். மாநகராட்சி வண்டி ஏற்றிய மூட்டைகளை எண்ணி, மூட்டைக்கு இத்தனை கிலோ என்று ஊகித்த தரவு எந்தச் சரிபார்ப்பிலும் நிற்காது. ஒரு தராசு வாங்கி, கல்லூரி முழு வீச்சில் இயங்கும் வாரம் ஒன்று, தேர்வு வாரம் ஒன்று, விடுமுறை வாரம் ஒன்று என மூன்று முறை ஏழேழு நாள் எடை போட்டால் ஆண்டுக்கு நம்பத்தக்க மதிப்பீடு கிடைக்கும். மெஸ் கழிவில் காய்கறித் தோலையும் தட்டில் மிஞ்சிய சோற்றையும் தனித்தனியாகப் போடுங்கள். முதலாவதற்கு உரக்குழி போதும், இரண்டாவதற்குச் சமையல் அளவைக் குறைக்க வேண்டும். கட்டட இடிபாடுகளை இதோடு சேர்க்கக் கூடாது. ஒரு பழைய பிளாக்கை இடித்த வருடத்தில் இடிபாடு முழுக்க மறுசுழற்சிக்குப் போனதாகச் சேர்த்தால் மறுசுழற்சி விகிதம் ஒரே பாய்ச்சலில் ஏறிவிடும், அடுத்த வருடம் விழும். ஸ்டார்ஸ் அதற்குத் தனிக் கேள்வியே வைத்திருக்கிறது.

தண்ணீரில் லாரித் தண்ணீருக்கு ரசீது உண்டு, போர்வெல்லுக்கு இல்லை. மோட்டார் ஓடிய மணி நேரத்தை மோட்டாரின் திறனால் பெருக்குவது கோடையில் பொய் சொல்லும், நீர்மட்டம் இறங்க இறங்க அதே மணி நேரத்தில் வரும் தண்ணீர் குறையும். குழாயில் ஒரு ஃப்ளோ மீட்டர் போடும் செலவு இந்தப் பயிற்சி முழுவதிலும் மிகச் சரியாகச் செலவான பணமாக இருக்கும்.

அடிப்படை ஆண்டாக 2020-ஐயோ 2021-ஐயோ வைக்காதீர்கள். பூட்டிக்கிடந்த வளாகத்தோடு ஒப்பிட்டால் என்ன செய்தாலும் கூடியதாகத்தான் காட்டும்.

விண்ணப்பிக்கும் மாணவர்களுக்குச் சில வரிகள். கல்லூரி வலைத்தளத்தில் தங்க முத்திரையைப் பார்த்ததும் ஸ்டார்ஸ் தளத்தில் அந்தக் கல்லூரியின் பெயரைத் தேடி அறிக்கையையே திறங்கள், கணக்கு எதுவும் தொடங்க வேண்டியதில்லை. முதலில் தேதி: மூன்றாண்டு தாண்டியிருந்தால் முத்திரை காலாவதி, பல தளங்களில் படம் மட்டும் அப்படியே தொங்கும். அடுத்து பதிப்பு எண்: 2.1-இல் வாங்கிய 70-ஐயும் 3.0-இல் வாங்கிய 66-ஐயும் அருகருகே வைக்க முடியாது. பிறகு மொத்த மதிப்பெண்ணை விட்டுவிட்டு மூன்று கேள்விகளை மட்டும் படியுங்கள்: பசுங்குடில் வாயு வெளியேற்றம், பாடப் பட்டியல், ஊழியர் ஊதியம். வெளியேற்றத்தில் அடிப்படை ஆண்டிலிருந்து குறைந்தது எரிபொருளை மாற்றியதாலா, வேறிடத்தில் குறைக்கப்பட்ட வெளியேற்றத்தைத் தன் கணக்கில் கழித்துக்கொள்ளும் கார்பன் ஈட்டுறுதிகளை (ஆஃப்செட்) விலைக்கு வாங்கியதாலா என்று அட்டவணையிலேயே தனித்தனி வரியில் இருக்கும். பாடப் பட்டியலில் நீங்கள் சேரப் போகும் துறையின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். தங்கம் வாங்கிய பல்கலைக்கழகத்தில் உங்கள் துறை மட்டும் அந்தப் பட்டியலில் இல்லாமல் போகலாம்.